இருந்த இடத்துக்கு வரும்

1

"சுவிஸிலை கடல் இல்லையெண்டுதானே பள்ளிக்கூடத்திலை படிச்சனாங்கள். பிறகெங்காலையடி உன்ரை பெட்டைக்குக் கப்பல்?"

சுன்னாகத்தில் இருக்கும் என் அக்கா தொலைபேசியில் இப்படித்தான் கேட்டார். கேள்வியில் பிழை இல்லை. நாங்கள் இருக்கும் இன்டர்லாக்கனுக்கு இரண்டு பக்கமும் ஏரிதான். கடல் பார்க்க வேண்டுமென்றால் மலைகளைக் குடைந்த சுரங்கங்களைத் தாண்டி இன்னொரு நாட்டுக்குப் போக வேண்டும். ஆனாலும் கப்பல் உண்மை. நான் அதில் ஏறினேன், அதன் அடுப்பில் சமைத்தேன். அதற்குள் என்னுடைய ஒரு பொருளும் இருக்கிறது. என்ன பொருள் என்று அக்காவுக்குச் சொல்ல வாயெடுத்தேன். சந்தோசத்தில் சொற்கள் ஒன்றுக்கு மேல் ஒன்று விழுந்தன. "நீ எழுதி அனுப்பு" என்று அவர் வைத்துவிட்டார்.

எனக்கு வாயால் கதைக்க வராது. பத்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். இங்கே ஒரு ஹோட்டல் குசினியில் இருபத்து மூன்று வருடமாக வேலை. சூடான பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தால் "ஹைஸ்!" என்று கத்த வேண்டும் என்பது அங்கே சட்டம். சூடு, விலகு என்று பொருள். நான் கத்தமாட்டேன். வழி விடும்வரை பாத்திரத்தோடு நிற்பேன். எங்கள் பெரிய செஃப் உர்ஸ் தினமும் காதில் கை வைத்துக் காட்டுவார்: கேட்கவில்லை, சத்தமாக. ஒருமுறை ஒரு சின்ன மணியை வாங்கி வந்து என் ஏப்ரனில் கட்டிவிட்டார். அன்றைக்குக் குசினி முழுவதும் சிரித்தது, நானும் சிரித்தேன். சத்தம் மட்டும் வரவில்லை.

அப்படிப்பட்ட நான் சொல்லும் கதை இது.

2

எங்கள் மகள் தாரணி இங்கேதான் பிறந்தாள். வயது இருபத்தாறு, பெர்னில் தாதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோற்றில் கை வைத்தபடி சொன்னாள்.

"அம்மா, நான் மூண்டு கிழமை சம்பளமில்லா லீவு எடுத்திருக்கிறன். கப்பலிலை போறன்."

"நல்லது, போட்டு வா," என்றார் இவர், என் கணவர். சுற்றுலாக் கப்பல் என்று நினைத்துவிட்டார்.

அவள் கைபேசியில் படத்தைக் காட்டினாள். துருப்பிடித்த, கொழுத்த, பழைய மீன்பிடிக் கப்பல். வடகடலில் வலை இழுத்துத் திரிந்ததாம். வயதாகி விற்பனைக்கு வந்தபோது, பெர்ன் பக்கத்து ஆட்கள் சிலர் சேர்ந்து வாங்கியிருக்கிறார்கள். மத்தியதரைக் கடலில் ரப்பர் படகுகளிலும் மரப் படகுகளிலும் வந்து தத்தளிப்பவர்களைக் காப்பாற்ற அதை மாற்றிக் கட்டுகிறார்கள். பெயர் அன்னலீஸ்.

இவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "லீவு கிடைச்சால் மற்றப் பிள்ளையள் மாலைதீவுக்குப் போகுதுகள். இது கடலுக்குள்ளை வேலைக்குப் போகுது."

"அப்பா, நீங்கள் இங்கை எப்பிடி வந்தனீங்கள்?"

"நான் பிளேனிலை வந்தனான்."

"அதுக்குப் பிறகு?"

"அதுக்குப் பிறகு லொறியிலை." சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார்.

நீ கப்பலில் என்ன செய்வாய் என்று கேட்டேன். காயத்துக்கு மருந்து கட்டுவேன் என்பாள் என்று நினைத்தேன். கப்பலில் இருந்து இறக்கும் சின்ன வேகப் படகில் முதல் ஆளாகப் போவேன் என்றாள். அந்த வேலையில் முதல் ஒரு நிமிடம்தானாம் எல்லாம். நாள் கணக்காகத் தண்ணீரில் கிடந்தவர்கள் கப்பலைக் கண்டவுடன் எழும்பி நிற்பார்கள். எல்லோரும் ஒரே பக்கம் சாய்வார்கள். படகு கவிழ்ந்துவிடும். உயிர்ச் சட்டை கொடுக்கும் முன்பே முடிந்துவிடும்.

"அதாலை முதல்லை குரல் போகவேணும் அம்மா. பெரிய ஸ்பீக்கரிலை. இருங்கோ எண்டு அவையின்ரை பாசையிலை. அரபு, பிரெஞ்சு, இங்கிலீஸ், வங்காளம் எல்லாம் ரெக்கோர்ட் பண்ணியாச்சு. தமிழ் இல்லை."

"எங்கடை ஆக்களும் அதிலை வருகினமோ?"

"வருகினம்."

அவளுடைய தமிழ் எங்கள் வீட்டுக் குசினியை விட்டு வெளியே போகாத தமிழ். பள்ளிக்கூட வயதில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அனுப்பினால் தலையிடி என்று படுத்துவிடுவாள். பிறகு நண்பர்கள், பெர்ன் ஜெர்மன், தனி வீடு. ஞாயிற்றுக்கிழமைச் சோற்றுக்கு வருவதே பெரிய காரியம். அவள் அன்றைக்கு, "அம்மா, நல்ல தமிழ் கதைக்கிற ஆள் வேணும்" என்று கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் ஒரு துள்ளல்.

"பரமண்ணை!" என்றேன்.

3

பரமண்ணையை இங்கே எல்லோருக்கும் தெரியும். கோயிலில் ஒலிவாங்கி அவருடைய கையில்தான் இருக்கும். திருவிழாவென்ன, செத்தவீடென்ன, கார் பிழையான இடத்தில் நிறுத்தப்பட்டிருக்கிறது என்ற அறிவித்தலென்ன, எல்லாம் வானொலிச் செய்தி போல மணி மணியாக வரும். கேட்டவுடன் சம்மதித்தார். ஒரு நிபந்தனை: தானே நேரில் வந்து கப்பலைப் பார்த்துச் சொல்வாராம். தாரணியின் அப்பாவுக்கு வேலை. மகளைப் பார்க்கும் சாட்டில் நானும் புறப்பட்டேன்.

ரயிலில் ஸ்பீஸ், பிரிக், மிலானோ, கடைசியில் கப்பல் நிற்கும் இத்தாலித் துறைமுகம் ஜெனோவா. பரமண்ணை வழி முழுவதும் ஒரு பையை மடியில் வைத்திருந்தார். உள்ளே தேங்காயும், புது வாகனத்தின் சக்கரத்துக்குக் கீழே வைத்து நசிக்கிற எலுமிச்சையும், எங்கள் பேச்சில் தேசிக்காய்.

"அண்ணை, இது காரில்லை. கப்பல்," என்றேன்.

"வாகனம் எண்டால் வாகனம்தான், தங்கச்சி. புது ஓட்டம் துவங்குது. சும்மா விடுறதோ?"

இரவு ஒரு சின்ன விடுதியில் தங்கிவிட்டு, காலையில் துறைமுக வாசலுக்குப் போனோம். உள்ளே விடுவதற்குப் பெயர்ப் பட்டியல் முன்பே அனுப்பியிருந்தார்கள். என்னுடைய அடையாள அட்டையைப் பார்த்தார்கள், சரி. பரமண்ணையை விடவில்லை. பட்டியலில் பரமநாதன் இல்லை, சின்னத்துரைதான் இருந்தார். எங்கள் பெயர்களில் எது அப்பாவுடையது, எது பிள்ளையுடையது என்று இத்தனை வருடமாகியும் இந்த ஐரோப்பாவுக்கு விளங்கவில்லை. முக்கால் மணித்தியாலம் வெயிலில் நின்றோம்.

"அப்பர் செத்து முப்பது வருசம். அவருக்கு அனுமதி வந்திட்டுது. எனக்கு இல்லை," என்றார் பரமண்ணை.

கடைசியில் ரெகுலா வந்து எங்களை மீட்டார். ஓய்வுபெற்ற ஆசிரியை, கப்பல் வேலைகளுக்கெல்லாம் பொறுப்பானவர். அவரே ஒரு வருடமாகத் தாள்களோடுதான் மல்லுக்கட்டுகிறாராம். பதிவில் இது மீன்பிடிக் கப்பல். மீன்பிடிக் கப்பலில் ஆட்களை ஏற்றக்கூடாது. ஆட்களை ஏற்றும் கப்பல் என்று எழுதினால் இத்தனை கழிப்பறை வேண்டும். அன்றைக்குத்தான் கடைசித் தாளுக்குக் கையெழுத்து கிடைத்திருந்தது. மனுசி நடக்கவில்லை, துள்ளினார்.

பரமண்ணை கப்பலின் முன்னால் தேசிக்காயோடு நின்று யோசித்தார். "தங்கச்சி, சில்லு இல்லையே. எங்கை வைக்கிறது?"

அப்போதுதான் பார்த்தேன். கரையோடு உரசாமல் இருக்க, கப்பலின் பக்கவாட்டில் பழைய லொறி டயர்களைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார்கள்.

"அண்ணை, டயர் இருக்கு!"

அவர் நாலு தேசிக்காயைக் கரைச் சுவருக்கும் நாலு டயருக்கும் இடையில் செருகினார். கப்பல் மெல்ல அசைந்து ஒவ்வொன்றாக நசித்தது. இரும்புக் கட்டையில் தேங்காயை அடித்தார், இரண்டாகச் சரியாகப் பிளந்தது. ரெகுலாவும் மற்றவர்களும் கை தட்டினார்கள். ஒருவன் தேங்காய்ப் பாதியை எடுத்துக் கடிக்கத் தொடங்கிவிட்டான்.

4

தாரணி ஒவ்வொன்றாகக் காட்டினாள். வலை இழுத்த பெரிய உருளை இருந்த இடத்தில் இப்போது வேகப் படகை இறக்கும் தூக்கி. வலை ஏறுவதற்காகப் பக்கச் சுவரைத் தாழ்வாக வெட்டியிருந்த இடத்தால்தான் ஆட்களை ஏற்றுவார்களாம். கீழே மீனும் ஐஸும் நிறைத்த அறையில் பாய், போர்வை, சுவரோரம் உட்கார நீள வாங்கு. பல தடவை கழுவியும் வெயில் ஏறினால் மீன் மணம் வருகிறது. வாங்கின் இடுக்கைத் தடவினேன். விரலில் ஒரு செதில் ஒட்டிக்கொண்டு வந்தது.

"அம்மாவுக்கு வந்தவுடன் மீன் கிடைச்சிட்டுது," என்றாள்.

புது ஆட்கள் நடுவில் நிற்கக் கூச்சமாக இருந்தது. கப்பலின் குசினியைக் கேட்டு உள்ளே போய்விட்டேன். கொண்டுபோன அரிசி, பருப்பு, கத்தரிக்காய், தூள் எல்லாம் இருந்தது. பாத்திரம் நழுவாமல் அடுப்பைச் சுற்றிக் கம்பி போட்டிருந்தார்கள், எனக்கு அது நன்றாகப் பிடித்துக்கொண்டது. பதினாறு பேருக்குச் சமையல். கை ஓடத் தொடங்கியதும் கூச்சம் போய்விட்டது.

பதினொரு மணியளவில் மேலே கூப்பிட்டார்கள். பரமண்ணையின் குரலைப் பதிந்துவிட்டார்கள், பரீட்சை பார்க்கப் போகிறார்களாம். தூரத்தில் கேட்கிறதா என்று பார்க்கத் தாரணி வேகப் படகில் போய் நின்றாள். கப்பல் மேல் தட்டில் பெரிய ஒலிபெருக்கி. அரிசிக் கை ஈரத்தோடு கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நானும் ஓரமாக நின்றேன்.

"கவனிக்கவும்! கவனிக்கவும்! அனைவரும் தத்தமது இடங்களிலேயே அமர்ந்திருக்கவும். எவரும் எழுந்து நிற்க வேண்டாம். அறிவுறுத்தல்களைப் பின்பற்றி ஒத்துழைப்பு வழங்கவும்!"

என்ன தமிழ்! ஒரு பிழை சொல்ல முடியாது. துறைமுகமே அதிர்ந்தது. ரெகுலா கட்டைவிரலை உயர்த்தினார்.

படகால் வந்து ஏறிய தாரணி என்னைப் பார்த்து, "அம்மா, ஏன் அதைக் கையிலை வச்சிருக்கிறீங்கள்?" என்றாள்.

குனிந்து பார்த்தேன். என் கையில் அடையாள அட்டை. வாசலில் காட்டிவிட்டுக் கைப்பைக்குள் வைத்துப் பூட்டிய அட்டை. எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை. எல்லோரும் பார்க்கும்படி நெஞ்சுக்கு நேரே பிடித்திருந்தேன்.

இலங்கையில் எங்கள் பக்கத்தில் இருந்து வாசிப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. விடியக் காலையில் ஆமி ஜீப்பில் கட்டிய ஒலிபெருக்கி வரும். இப்படித்தான் திருத்தமான, எழுத்துத் தமிழில் அறிவித்தல் வரும். அனைவரும் அடையாள அட்டையுடன் பாடசாலை மைதானத்துக்கு வரவும். ஒத்துழைப்பு வழங்கவும். அதன் பிறகு முகமூடி போட்ட ஒருவன் முன்னால் வரிசையில் நடப்போம், அவன் தலையாட்டினால் முடிந்தது, பிடித்துக்கொண்டு போவார்கள். எனக்கு அப்போது பதினேழு வயது. அந்தக் குரல் கேட்டால் எங்கள் தெருவில் ஒருவரும் இருந்த இடத்தில் இருந்ததில்லை. ஒன்று கையைத் தூக்கிக்கொண்டு எழும்புவோம், இல்லையென்றால் பின்பக்கத்தால் ஓடுவோம்.

அந்த மரப் படகில் ஓடுவதற்குப் பின்பக்கம் ஏது? கடல்தான்.

கீழே வேகப் படகு ஆடிக்கொண்டு நின்றது. அதில் முதல் ஆளாகப் போவது என் பிள்ளை. இந்தக் குரல் கேட்டால் எங்கள் ஆட்கள் எழும்பி ஓடுவார்கள் என்று தாரணியின் காதில் சொன்னேன். அவள் எல்லோருக்கும் ஜெர்மனில் சொன்னாள்.

பரமண்ணையின் முகம் சுருங்கியது. "என்ரை குரலிலை என்ன பிழை? இத்தனை வருசம் கோயிலிலை ஆராவது ஓடினவையோ?"

"கோயிலிலை நீங்கள் நிக்கிறது தெரியும் அண்ணை. கடலிலை குரல் மட்டும்தானே வரும்."

அவர் என் கையில் இருந்த அட்டையைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார்.

"நானும் அந்த மைதானத்திலை இருந்தனான்தான்," என்றார். "அப்ப எப்பிடிச் சொல்லுறது?"

மூன்று நாளில் கப்பல் புறப்படுகிறது.

5

சாப்பாட்டை மேல் தட்டுக்குக் கொண்டுவந்தோம். வெளிச்சமான மத்தியானம். கத்தரிக்காய்க் குழம்பின் மணத்துக்கு இயந்திர அறையில் இருந்தவர்கள்கூட மேலே வந்துவிட்டார்கள். சாப்பாட்டுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு பதினாறு பேரும் ஒரே நேரத்தில் பானையை நோக்கி வந்தார்கள். ஒருவன் கயிற்றில் தடக்கினான். சோற்றுப் பானை சரிந்தது. பருப்புப் பானையை ஒரு பொடியன் தானே அள்ளத் தொடங்கிவிட்டான்.

எனக்கு வந்ததே ஒரு கோபம். அகப்பையைத் தூக்கினேன்.

"இருங்கோ! இருங்கோ! ஒருத்தரும் எழும்பாதேங்கோ. எல்லாருக்கும் கிடக்கு. இருந்த இடத்துக்கு வரும்!"

பந்தியில் சொல்லுவோமே, அதேதான். அன்னதானத்தில் பின்வரிசை அவசரப்பட்டால் சொல்வது. அதுவும் நான் சொன்னதில்லை, என் பெரியம்மாமார் சொல்லக் கேட்டதுதான். எங்கே இருந்து வந்ததோ, என் தொண்டையில் இருந்து வந்தது.

ஒரு சொல்லும் விளங்காத சுவிஸ்காரரும் இத்தாலிக்காரரும், ரெகுலா உட்பட, அந்த இடத்திலேயே கப்பல் தரையில் சப்பாணி கட்டி உட்கார்ந்துவிட்டார்கள். கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். சரிந்த பானையைப் பிடித்தபடி நான் நின்றேன்.

"அம்மா!" தாரணி கத்தினாள். "அம்மா, அதுதான்! அதைத்தான் சொல்லவேணும்!"

பரமண்ணை துள்ளி எழும்பினார். "தங்கச்சி, அதுக்குமேலை ஒரு சொல் தேவையில்லை. ஆமியாவது 'எல்லாருக்கும் கிடக்கு' எண்டு சொல்லுமோ?"

நல்லது, நீங்களே அப்படிச் சொல்லுங்கள் அண்ணை என்றேன். சொல்லிப் பார்த்தார். அவருடைய வாயில் அது திருவிழா அறிவித்தல் போலவே வந்தது. தாரணி சொன்னால் ஜெர்மன்காரி கதைப்பது போல. எல்லோருடைய கண்ணும் என் பக்கம் திரும்பியது.

ஒலிவாங்கியின் முன்னால் நின்றால் எனக்குக் காற்றுத்தான் வந்தது. முதல் தடவை ரெகுலா கருவி பழுதோ என்று தட்டிப் பார்த்தார். இரண்டாம் தடவை அழுகை வந்தது. நான் மாட்டேன், ஊருக்குப் போறன் என்றேன். ஊர் என்றால் எது என்று ஒருவரும் கேட்கவில்லை.

பரமண்ணை குசினிக்குப் போனார். வெறும் பானையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அகப்பையைக் கையில் தந்தார். பிறகு எல்லோரையும் கப்பல் தரையில் வரிசையாக இருத்தி, வெறும் கோப்பையைக் கையில் கொடுத்தார்.

"பசியோடை வந்திருக்குதுகள். முன்னுக்கு விழுந்தடிக்குதுகள். சொல்லு."

தாரணி வரிசையின் கடைசியில் இருந்தாள். வேணுமென்றே எழும்பப் பார்த்தாள்.

"இரு பிள்ளை! எழும்பாதேங்கோ, எல்லாரும் இருங்கோ. உங்களைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தனாங்கள். பிள்ளையளை மடியிலை வச்சிருங்கோ. சட்டை வரும், தண்ணி வரும். அவசரமில்லை. எல்லாருக்கும் கிடக்கு. இருந்த இடத்துக்கு வரும்."

பதிந்தாயிற்று. "இரு பிள்ளை" என்பதை வெட்டலாமா என்று கேட்டார்கள். பரமண்ணை விடவில்லை. "அதுதான் அதிலை விசயமே," என்றார். நான் உடனே இறங்கிப் போய்ப் பானை கழுவினேன். மேலே அவர்கள் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் எனக்குக் காது சூடானது. ஒளிந்துகொண்டு நானும் கேட்டேன். உண்மையைச் சொன்னால், ஆசையாக இருந்தது.

6

கப்பல் போய்விட்டது. நான் இன்டர்லாக்கன் குசினியில் சலாட் கழுவிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்தால் இவர் கைபேசியில் கடல் வரைபடத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருப்பார். அன்னலீஸ் ஒரு பச்சைப் புள்ளி. "நிக்குது," என்பார். பிறகு, "திரும்புது." நான் பயந்தது கடலுக்கு இல்லை. அந்த முதல் நிமிடத்துக்கு. நான் சொல்லியும் அவர்கள் எழும்பிவிட்டால்? என் பிள்ளை அந்தப் படகின் பக்கத்தில் நிற்பாள். என் குரலும் நிற்கும். காற்று எதிர்ப்பக்கம் அடித்தால்? பந்தியையே காணாத பிள்ளைகள் வந்தால்?

பதினோராம் நாள், மத்தியானச் சாப்பாடு வெளியே போகும் நேரம். ஏப்ரன் பைக்குள் கைபேசி அதிர்ந்தது. வேலை நேரத்தில் பார்க்கக்கூடாது. பார்த்தேன். தாரணி எழுதியிருந்தாள்: மரப் படகு. எல்லோரும் ஏறிவிட்டார்கள். ஒருவரும் தண்ணீரில் விழவில்லை. கீழே ஒரு குரல் பதிவு. மரக்கறி அறைக்குள் ஓடிப்போய்க் காதில் வைத்தேன். மகளுடைய குரல் இல்லை.

"அக்கா, வணக்கம். நான் முல்லைத்தீவுப் பக்கம். உங்கடை மகள்தான் ஃபோனைத் தந்தவ. கப்பலைக் கண்ட உடனை எல்லாரும் எழும்பப் பாத்தனாங்கள் அக்கா. என்ரை மனிசன் எழும்பிட்டார், படகு சரியுது. அப்பதான் உங்கடை சத்தம் கேட்டது. நான் அவரின்ரை சேட்டுக் கொலரைப் பிடிச்சு இழுத்தனான். 'இருங்கோப்பா, அங்கை ஒரு மனிசி சொல்லுறா, இருந்த இடத்துக்கு வருமாம்' எண்டு. நாங்கள் இருக்க, பாசை தெரியாத மற்ற ஆக்களும் எங்களைப் பாத்து இருந்திட்டினம். எல்லாரும் சுகம் அக்கா. உங்களைத் தேடினனான். நீங்கள் கப்பலிலை இல்லையாம். இப்ப உங்கடை மகள் கஞ்சி காய்ச்சித் தந்தவ." கொஞ்சம் நிறுத்தினார். பின்னால் கடல் இரைந்தது. "ஒண்டு சொல்லுறன், கோவிக்கக் கூடாது. உப்புக் காணாது."

நான் சிரித்தேன். அழுதேனா என்றும் தெரியவில்லை. மரக்கறி அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். பதிவு செய்யும் பொத்தானை அழுத்தி, கைபேசியை வாய்க்கு நேரே பிடித்தேன்.

"தாரணி! கஞ்சிக்கு உப்பைப் போடு பிள்ளை! தங்கச்சி, நீங்கள் இருங்கோ, வரும்!"

குசினி முழுவதும் திரும்பிப் பார்த்தது. பரிமாறுகிற பெண் தட்டுகளோடு அப்படியே நின்றாள். வெளியே விருந்தினர் சாப்பிடும் சாலை. இருபத்து மூன்று வருடத்தில் முதல் தடவையாகச் செஃப் உர்ஸ் என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார்.

நான் பொத்தானை மறுபடி அழுத்தினேன். முதல் தடவை சரியாகக் கேட்டிருக்காதோ என்று, இன்னும் சத்தமாகச் சொன்னேன்.